எங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினருக்கு: ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறையின் மானியக் கோரிக்கை (அந்தத் துறைக்கு நிதி ஒதுக்க அவையின் ஒப்புதல் கேட்பது) மீது தாங்கள் ஆற்றிய உரையைக் கேட்டேன். உங்கள் அலுவலகத்துப் பிள்ளைகள் அதை வெட்டி ஒட்டி, பின்னணி இசையும் சேர்த்து எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். முதல் பாதி தலைவருக்கு நன்றி. அடுத்த கால் பாகம் எதிர்வரிசைக்குச் சூடு. மிச்சமிருந்த நேரத்தில் தொகுதிக்கு ஒரு புதிய மருத்துவமனைக் கட்டடமும் ஒரு ஸ்கேன் இயந்திரமும் கேட்டீர்கள். நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும் என்றார் அமைச்சர். மேசையைத் தட்டினார்கள். உட்கார்ந்துவிட்டீர்கள்.

கட்டடம் வரட்டும், ஐயா. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கட்டடம் வரை வர முடியாதவர்களைப் பற்றி ஒரு வரியாவது பேசுவீர்கள் என்று கடைசி நொடி வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வடசென்னையில் லிஃப்ட் இல்லாத குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். பக்கவாதம் வந்ததிலிருந்து என் தந்தை படுத்த படுக்கைதான். சிறுநீருக்குக் குழாய் போட்டிருக்கிறது. அதை மாதத்துக்கு ஒரு முறையாவது மாற்றியாக வேண்டும். தள்ளிப்போட்டால் அடைத்துக்கொள்ளும், கிருமி பற்றும், குளிர் ஜுரம் வரும். தெரிந்த கை என்றால் மாற்றப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்துக்காக நாங்கள் செய்வதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, வேட்டியால் மார்போடு சேர்த்துக் கட்டுகிறோம். சிறுநீர்ப் பையை அவர் மடியில் வைக்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் முன்னால், ஒருவர் பின்னால். படிக்கட்டு ஓர் ஆள் இறங்கும் அகலம்தான். திருப்பத்துக்குத் திருப்பம் தண்ணீர் டிரம்மும் சைக்கிளும் இருக்கும். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்வார். விடச் சொன்னால் விடமாட்டார். விழுந்துவிடுவோம் என்ற பயம். விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்துவிட வேண்டும். ஆட்டோவில் கால் மடங்காது. அரசு மருத்துவமனையில் ஓபி சீட்டு, வரிசை, ஸ்ட்ரெச்சருக்குக் காத்திருப்பு. கடைசியில் செவிலியர், "இதற்கா இவரை இப்படித் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்?" என்று கேட்கிறார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நியாயமான கேள்வி. அதைத்தான் உங்களைச் சட்டமன்றத்தில் கேட்கச் சொல்கிறேன்.

திரும்பி ஏறுவது இறங்குவதை விடக் கொடுமை. அந்தப் பிள்ளைகள் அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள், காசு கொடுத்தால் வாங்குவதில்லை. வேலை நாளாகப் பார்த்துக் குழாய் அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது என்ற நினைப்பிலேயே எனக்கு வாரம் ஓடுகிறது.

உயிருக்கு ஆபத்து என்றால் 108 வரும். 2008 முதல் ஓடுகிறது, நல்ல சேவை. பிள்ளை பெற்றவளையும் குழந்தையையும் வீட்டில் கொண்டுபோய் விட 102 இருக்கிறது. மருத்துவமனையில் இறந்தவரை வீடு சேர்க்க 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. பிறப்புக்கு ஒரு வண்டி, ஆபத்துக்கு ஒரு வண்டி, இறப்புக்கு ஒரு வண்டி. ஆபத்தும் இல்லாமல் இறக்கவும் இல்லாமல் வருடக்கணக்காகப் படுத்துக் கிடப்பவருக்கு மட்டும் நாற்காலியும் வேட்டியும்.

மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறதே என்று உங்கள் ஆட்கள் சொல்வார்கள். இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்கள். அந்தத் திட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் பகுதிக்கு வரும் தன்னார்வலர் மாடியேறி வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார், சர்க்கரை பார்க்கிறார், மாத்திரை தருகிறார். ஆனால் குழாய் மாற்றுவதும் படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் அவர் வேலை இல்லை, அதற்கு அவருக்குப் பயிற்சியும் இல்லை. திட்டத்தில் இயன்முறை மருத்துவமும், வலியையும் அவதியையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வரும் என்றுதான் எழுதியிருக்கிறது. எங்கள் மூன்றாம் மாடிக்கு அவை இன்னும் வந்து சேரவில்லை.

நான் கணக்கு எழுதிப் பிழைத்தவள். அப்பாவுக்காக வேலையை விட்டேன். இப்போது வீட்டிலிருந்தபடி இரண்டு கடைகளுக்கு வரவு செலவு பார்க்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: பதிவேட்டில் என் தந்தை ஒரு பயனாளி. ரத்த அழுத்தம் பார்த்த அன்றே அவர் பெயர் ஏறிவிட்டது. அவருக்கு என்ன தேவைப்பட்டது, அதில் எது கிடைக்கவில்லை என்று எழுத அந்தப் பதிவேட்டில் கட்டமே கிடையாது. துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் பயனாளிகளின் மொத்த எண்ணிக்கையைப் படித்துவிட்டு நீங்கள் மேசை தட்டும்போது, அந்த எண்ணிக்கையில் என் தந்தையும் ஒருவர்.

ஆகவே ஒரே ஒரு கேள்வி. சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளில், வார்டுவாரியாக, படுத்த படுக்கையாக இருப்பவர்கள் எத்தனை பேர். அவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குக் கடந்த மாதம் செவிலியர் நேரில் சென்று குழாய் மாற்றினார் அல்லது புண்ணுக்கு மருந்து கட்டினார்? மொத்தப் பயனாளிகள் வேண்டாம். கடந்த மாதம், வார்டுவாரியாக.

இதை யாரிடம் கேட்பது என்பதே பெரும் பாடு என்பது எனக்குத் தெரியும். முதியோர் ஓய்வூதியம் வருவாய்த் துறை. பராமரிப்பு உதவித்தொகை மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. மூத்த குடிமக்கள் என்றால் சமூக நலத்துறை. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் மாநகராட்சி. மருத்துவமனை மக்கள் நல்வாழ்வுத் துறை. ஒவ்வொன்றின் மானியக் கோரிக்கையும் வெவ்வேறு நாளில் வருகிறது, வெவ்வேறு அமைச்சர் பதில் சொல்கிறார். என் தந்தை ஒரே உடம்பாக ஒரே கட்டிலில் கிடக்கிறார், அவரைப் பற்றிய கேள்வியை ஐந்து நாட்களுக்குப் பிரித்துக் கேட்க வேண்டியிருக்கிறது. யாரும் கேட்காமல் போவதில் வியப்பென்ன?

பணமும் அப்படித்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எங்களிடம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. மருத்துவமனையில் சேர்த்தால் அது உயிர் காக்கும், மறுக்கவில்லை. வீட்டில் வைத்துப் பார்த்தால் அதில் ஒரு கையுறை கூட வாங்க முடியாது. தனியார் வீட்டுச் செவிலியருக்கு விசாரித்தேன், மாதம் 20,000 ரூபாய்க்குக் குறைந்து பேச்சே இல்லை. முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய் ஆனது. அதில் 80 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு மத்திய அரசின் பங்கு வெறும் 200 ரூபாய். டெல்லியை நீங்கள் அவையில் திட்டுகிறீர்களே, இதற்கும் ஒரு வாக்கியம் திட்டியிருக்கலாம்.

கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 இல் திறக்கப்பட்டது. பெருமைதான். வடசென்னையிலிருந்து நாற்காலியில் கிண்டி எவ்வளவு தூரம் என்று சொல்லத் தேவையில்லை. பக்கத்துக் கேரளத்தில் 2008 இலேயே நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கென்று அரசுக் கொள்கை வகுத்து, அந்தப் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் கொடுத்தார்கள். பயிற்சி பெற்ற செவிலியர் வண்டியில் வீடு வீடாகப் போகிறார். குழாயை மாற்றுகிறார், புண்ணைக் கழுவிக் கட்டுகிறார், வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்கிறார். இது ராக்கெட் விடும் வேலை இல்லை. ஒரு செவிலியர், ஒரு வண்டி, ஒரு பை.

ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். எங்கள் குடியிருப்பில் யாராவது இறந்தால் உங்கள் கட்சிக்காரர்கள் அரை மணி நேரத்தில் ஐஸ் பெட்டியோடு வந்து நிற்கிறார்கள். பந்தல், நாற்காலி, தண்ணீர் பாட்டில் எல்லாம் வருகிறது. நீங்களும் மாலையோடு மூச்சிரைக்க மாடியேறி வந்திருக்கிறீர்கள், பார்த்திருக்கிறேன். ஐஸ் பெட்டியை ஏற்றத் தெரிந்த படிக்கட்டில் செவிலியரை மட்டும் ஏற்றத் தெரியவில்லை என்றால் என்ன சொல்வது? குடிநீர்த் தொட்டி திறந்ததற்கு நான்கு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். தொட்டியை விட ஃபிளெக்ஸ் உயரம். தொகுதி மேம்பாட்டு நிதியில் சுவர் எழுப்பலாம், மேடை போடலாம். அந்தச் சுவரில் உங்கள் பெயரையும் எழுதலாம். குழாய் மாற்றிய இடத்தில் யார் பெயரையும் எழுத முடியாது என்பதுதான் சிக்கலோ என்னவோ.

எழுதும் வேகத்தில் வார்த்தை தடித்துவிட்டது, மன்னியுங்கள். கோரிக்கைக்கு வருகிறேன்.

கேள்வி நேரம் 2022 ஜனவரி முதல் நேரலையாக வருகிறது. உங்கள் பிள்ளைகளுக்கு வெட்டி ஒட்டவும் வசதி. நட்சத்திரக் குறியிட்ட வினாவாகக் கொடுத்தால் அமைச்சர் அவையில் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், நீங்கள் துணை வினாவும் கேட்கலாம். எண்ணிக்கை கைவசம் இல்லை என்று அவர் சொன்னால் அதுவும் பதில்தான். அப்போது, எப்போது எண்ணப்போகிறீர்கள் என்று கேளுங்கள். விரைவில் என்றால் தேதி கேளுங்கள். தேதி சொன்னால், அமைச்சர்கள் அவையில் கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்று பார்க்க அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது, அங்கே போய் நினைவூட்டுங்கள். எந்தக் கட்சி ஆட்சியிலிருந்தாலும் உறுப்பினருக்கு அவை தந்திருக்கும் கருவிகள் இவை. உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

வினாவின் வாசகத்தை அவை நடைமுறைக்கு ஏற்றபடி தட்டச்சு செய்து, இந்த மடலின் நகலோடு உங்கள் தொகுதி அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். தங்கள் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது. அடுத்த கூட்டத்தொடருக்கான வினாக்களைக் கொடுக்கும்போது தயவுசெய்து அதையும் சேர்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தொகுதி வாக்காளர் ஒருவர்,
வடசென்னை