‘ஓரிரு இடங்களில்’ எங்கே போயிற்று? தொலைக்காட்சிச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

செய்தி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஐந்து ஏக்கர் சாகுபடி செய்கிறவன் நான். போன குறுவை அறுவடையின்போது மெஷினுக்குச் சொல்லி வைத்து, மறுநாள் காலையில் வண்டி வருவதாக இருந்தது. அன்று இரவு உங்களில் ஒருவருடைய செய்தியில் ‘டெல்டாவைப் புரட்டிப்போட வரும் கனமழை’ என்று சிவப்பு எழுத்தில் ஓடியது. அறுத்த நெல்லைக் களத்தில் நனைய விடுவானேன் என்று வண்டி வேண்டாம் என்றுவிட்டேன். மூன்று நாள் ஒரு சொட்டு இல்லை. வண்டி வேறு ஊருக்குப் போய்விட்டது, திரும்பி வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த வாரத்துக்குள் மழை நிஜமாகவே வந்து பயிரைச் சாய்த்துவிட்டது.

அப்புறம்தான் என் மகள் அன்றைய வானிலை அறிக்கையைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டினாள். ‘டெல்டா மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்’ என்றிருந்தது. நஷ்டத்தைக் கேட்டு நான் எழுதவில்லை. அந்த ‘ஓரிரு இடங்களில்’ உங்கள் அலுவலகத்துக்குள் வந்ததும் எங்கே போயிற்று என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஏனென்றால் அறிக்கையில் அந்தச் சொல்லுக்கு அளவு இருக்கிறது. ஒரு பகுதியில் மழை அளக்கும் நிலையங்களில் கால் பங்குக்குள் பெய்தால் ‘ஓரிரு இடங்கள்’. கால் பங்கைத் தாண்டிப் பாதி வரை ‘ஒரு சில இடங்கள்’. பாதிக்கு மேல் முக்கால் வரை ‘பல இடங்கள்’. அதையும் தாண்டினால் ‘பெரும்பாலான இடங்கள்’. ஆக, ஓரிரு இடங்களில் கனமழை என்றால் நாலு ஊரில் மூன்று ஊருக்காவது அந்தக் கனமழை கிடையாது. நீங்கள் சொல்லை வெட்டியதும் நாலு ஊருக்கும் சேர்த்துப் பெய்கிறது, டிவியில்.

‘கனமழை’யும் அப்படித்தான். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சொல்லி வளர்ந்த நமக்கு, குடை தாங்காத மழையெல்லாம் கனமழை. அறிக்கையில் அது 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை. அதற்கு மேல் 204.4 வரை மிக கனமழை, அதையும் மீறினால் அதி கனமழை. அந்த 24 மணி நேரமும் காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். பத்து சென்டிமீட்டர் பெய்தால் என் ஒரு ஏக்கரில் மட்டும் நாலு லட்சம் லிட்டர் நிற்கும். இப்படிச் சொன்னால் எங்கள் ஊரில் எந்தக் கிழவருக்கும் புரியும், வடிகாலை வெட்டிவிட மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

புயல் என்றால் உங்களுக்குப் பெயர் வேண்டும். காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் அது புயல், அப்போதுதான் பெயர். 2018 நவம்பரில் கஜாவுக்குத் தென்னையைப் பறிகொடுத்த ஊர் எங்களுடையது, காற்றின் அருமை எங்களுக்குத் தெரியும். ஆனால் மழைக்குப் பெயர் தேவையில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாள் கணக்கில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அப்போது எந்தப் புயலும் இல்லை, குமரிக்கடல் பக்கம் வெறும் மேலடுக்குச் சுழற்சி, அதாவது உயரத்தில் காற்று சுழல்வது மட்டும்தான். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே, மூழ்கியது சென்னை. ‘எங்கே கரையைக் கடக்கும்’ என்று மணிக்கணக்காக ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டுக் காட்டுகிறீர்களே, அதில் பாதி நேரத்தை மழை எங்கே விழும் என்பதற்கு ஒதுக்கலாம்.

துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டு வேறு. ஒன்றாம் எண் ஏற்றினாலே எங்கள் தெருவில் ரொட்டியும் மெழுகுவத்தியும் தீர்ந்துவிடுகின்றன. அது தொலைவில் கடலில் ஒன்று உருவாகியிருக்கிறது என்று கப்பல்காரர்களுக்குச் சொல்கிற தகவல். பதினொன்றாம் எண்ணைப் பெரும் பிரளயம் என்று நினைக்கிறவர்களும் உண்டு. எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள்.

கோடை இடிமழைக்கு நீங்கள் ‘வெப்பச்சலனம்’ என்று ஒரு வார்த்தை சொல்லி நகர்ந்துவிடுகிறீர்கள். பகலெல்லாம் தரை காய்ந்து, சாயங்காலம் கடற்காற்று ஈரத்தோடு உள்ளே வந்து, சூடான காற்று மேலே ஏறிக் கருமேகமாகத் திரளும். அந்த மேகம் சில கிலோமீட்டர் அகலம்தான். அதனால்தான் மேலத்தெரு நனைய, கீழத்தெருவில் புழுதி பறக்கிறது. எந்த ஊரில் கொட்டும் என்று காலையில் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் காரைக்கால், சென்னை ராடார்களைப் பார்த்து அடுத்த மூன்று மணி நேரத்துக்கு எந்தெந்த மாவட்டம் என்று வானிலைத் துறை அவ்வப்போது அறிவிக்கிறது. சாயங்காலச் செய்தியில் அதைப் படியுங்கள். காலையில் வந்ததையே மறுபடி வாசிக்கிறீர்கள், அது எங்களுக்கு ஆறின சோறு.

பள்ளிக்கு லீவு உண்டா என்று மட்டும் தவறாமல் சொல்லிவிடுகிறீர்கள், சரி, பிள்ளைகள் சந்தோஷப்படட்டும்.

இங்கே சம்பா நட்டாகிவிட்டது, மேலுரம் போடும் பருவம். போட்ட அன்றைக்கே கொட்டினால் யூரியா வாய்க்காலோடு போய்விடும். இன்றிரவு அறிக்கையைப் படிக்கும்போது எத்தனை இடங்களில் என்பதை விட்டுவிடாதீர்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் மூட்டையைப் பிரிக்கலாம் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
மன்னார்குடி வட்டாரத்து விவசாயி ஒருவன்