அந்தச் சாம்பல் எழுத்தைப் பற்றி

அன்புள்ள நண்பா,

நலம்தானே? உன் புதிய செயலியின் திரைகளை அனுப்பியிருந்தாய். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அப்பாவின் கண்ணுக்கு வைத்தியம், அலைச்சல். இப்போது தேறிவிட்டார்.

திரைகள் அழகாக இருக்கின்றன. ஆனால் படிவத்தின் கட்டங்களுக்குக் கீழே வெளிர்சாம்பலில் சின்னதாக ஒரு வரி போட்டிருக்கிறாயே, அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். நானும் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். போன மாதம் நான் செய்த செயலியையே அப்பா திறந்தார். படிவம் போகவில்லை. போனை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ஏன் போகவில்லை என்று ஒன்றுமே எழுதவில்லையே" என்றார். எழுதியிருந்தேன். அவருக்குத் தெரியவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளாகிறது, கண்பாப்பாவும் சுருங்குகிறது. உள்ளே போகும் வெளிச்சமே குறைவு. வெயிலில் போனைப் பார்க்கும் இளைஞனுக்கும் ஏறக்குறைய இதே கஷ்டம்தான். நாமோ நிழலில், நல்ல திரையில், முழு வெளிச்சம் வைத்து நிறம் தேர்ந்தெடுக்கிறோம். அதனால் கண்ணை நம்பாதே, அளந்து பார்.

அளவு சுலபம்தான். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டின் விகிதம்தான் கான்ட்ராஸ்ட். வெள்ளைமேல் கறுப்பு என்றால் அது 21-க்கு 1. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 வேண்டும் என்று 2008-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.0 (இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான வழிகாட்டி) சொல்கிறது. எழுத்து குறைந்தது 18 பாயின்ட், அல்லது தடித்த எழுத்தானால் குறைந்தது 14 பாயின்ட் இருந்தால் 3-க்கு 1 போதும். வெள்ளைமேல் 999999 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் 2.85தான் வரும். 777777 போட்டால் 4.48, மயிரிழையில் தவறிவிடும். 767676-க்கு இறங்கினால் 4.54, தேறிவிடும். இந்த இரண்டு சாம்பலையும் பக்கத்தில் வைத்தால் உன்னாலோ என்னாலோ பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நான் 767676-இல் நிற்கமாட்டேன், இன்னும் கொஞ்சம் அடர்த்தியாகவே போடுவேன். ஓரத்தில் நிற்கும் நிறம் வெயிலில் காணாமல் போய்விடும்.

பிழைச் செய்திக்குப் பளிச்சென்ற சிவப்பு வைத்திருக்கிறாய். அசல் சிவப்பு வெள்ளைமேல் 4-க்கு 1 அளவில்தான் நிற்கும், நம்பமாட்டாய். கொஞ்சம் கருஞ்சிவப்பாக்கு. அதே கருஞ்சிவப்பு டார்க் மோடில் மங்கிவிடும். அங்கே வேறு சிவப்பு வேண்டும், தனியாக அளந்து பார். அப்புறம், கட்டத்தின் ஓரத்தைச் சிவப்பாக்குவதோடு விட்டுவிடாதே. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் நிறையப் பேர். என்ன தவறு என்று எழுத்திலும் சொல்.

படத்தின்மேல் வெள்ளை எழுத்து வைத்திருக்கும் முதல் திரைக்கு, எழுத்துக்கு அடியில் ஓர் இருண்ட பட்டை கொடு. படம் மாறினாலும் எழுத்து நிற்கும்.

ஆண்ட்ராய்டில் கூகுளின் அக்சஸிபிலிட்டி ஸ்கேனர் இருக்கிறது. திரையைக் காட்டினால் எங்கே மங்கல் என்று அதுவே சொல்லிவிடும். இன்றைக்கே ஓட்டிப் பார். மாற்றியபின் படங்களை எனக்கு அனுப்பு, அப்பாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்