ஊசி ஒன்று, தோள் ஒன்று, சட்டம் மட்டும் ஏன் இரண்டு?

அமெரிக்க காங்கிரஸின் இரு அவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் பிசியோதெரபிஸ்ட். தோள்வலி என்று வருகிறவர்களைப் பார்ப்பதுதான் என் வேலை. அவர்களில் சிலர் வந்து உட்கார்ந்ததுமே சொல்வது ஒன்றுபோல இருக்கும்: "தடுப்பூசி போட்ட அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்சது, இன்னும் விடல."

ஊசி போட்ட கை இரண்டு மூன்று நாள் வலிப்பது எல்லோருக்கும் உள்ளதுதான். இவர்களுடைய வலி வேறு. தோள் எலும்பின் முனைக்கு இரண்டு மூன்று விரல் கீழே, சதைக்குள் இறங்க வேண்டிய ஊசி, மேலே ஏறி மூட்டை ஒட்டிய நீர்ப்பைக்குள் போய்விடுகிறது. சட்டைக் கையை மடித்துவிடாமல், கழுத்துப் பக்கமாக இழுத்துவிட்டுக் குத்தும்போது இப்படி ஆக வாய்ப்பு அதிகம். மருந்து போகக் கூடாத இடத்துக்குப் போனதால் உள்ளே அழற்சி. சீட் பெல்ட்டை எட்டிப் பிடிக்க முடியாது, முதுகுப் பக்கம் கை போகாது, அந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்க முடியாது. சிலருக்குத் தோள் இறுகியே போய்விடும். இதைக் காட்டி யாரும் தடுப்பூசியே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டாம். நானும் தவறாமல் போட்டுக்கொள்கிறவள்தான்.

இந்தக் காயத்துக்கு நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. 1986-இல் நீங்கள் இயற்றிய சட்டத்தின்படி தடுப்பூசி இழப்பீட்டுத் திட்டம் நடக்கிறது. 2017-இல் தோள் காயமும் அதன் பட்டியலில் சேர்ந்தது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கி, அந்தத் தோளோடு நின்று, அதற்கு முன் அங்கே கோளாறு எதுவும் இல்லாமல், வேறு காரணமும் தென்படாமல் இருந்தால், ஊசிதான் காரணம் என்று ஏற்றுக்கொள்கிறார்கள். பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். விண்ணப்பிக்க மூன்று ஆண்டு அவகாசம். வலிக்கும் வேதனைக்கும் 2,50,000 டாலர் வரை தரலாம் (1986-இல் வைத்த உச்சவரம்பு, இன்னும் அப்படியே கிடக்கிறது). நியாயமான அடிப்படையோடு போட்ட வழக்கு என்றால், தோற்றாலும் வழக்கறிஞர் கட்டணத்தைத் திட்டமே கொடுக்கும்.

இதெல்லாம் ஃப்ளூ ஊசிக்கு. அதே கையில், அதே உயரத்தில் தவறாகக் குத்தியது கோவிட் ஊசியாக இருந்தால் கதையே மாறிவிடுகிறது. அது அவசரகால நடவடிக்கைகளுக்கான வேறொரு திட்டத்தில் வருகிறது. அங்கே ஊசி போட்ட நாளிலிருந்து ஒரே ஆண்டுதான் கெடு. வலிக்கும் வேதனைக்கும் ஒரு காசு கிடையாது. வழக்கறிஞர் கட்டணமும் கிடையாது. முடிவெடுப்பது சுகாதாரத் துறை அதிகாரிகள். மறுபரிசீலனை கேட்கலாம், நீதிமன்றத்துக்குப் போக முடியாது.

அந்த ஒரு வருடம் எப்படிக் கரைகிறது என்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். முதலில் "தானா சரியாகிடும்" என்று காத்திருப்பார்கள். அப்புறம் வலி மாத்திரை. அதற்குப் பிறகு ஸ்கேன், ஸ்டீராய்டு ஊசி, கடைசியாக என்னிடம். இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாமல் கெடு தாண்டிவிட்டவர்களிடம் என்ன சொல்வது? தோளுக்குப் பயிற்சி கொடுப்பேன். இழந்த சம்பளத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

இதை மாற்றும் சாவி உங்களிடம் இருக்கிறது. பழைய திட்டத்துக்குப் பணம் வருவது, ஒரு டோஸில் தடுக்கப்படும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் என்று வசூலிக்கும் வரியிலிருந்து. அந்த வரி இல்லாத தடுப்பூசிக்கு அத்திட்டத்தில் இடமில்லை, வரி விதிக்கும் அதிகாரமோ உங்களுக்கு மட்டும்தான். கோவிட் தடுப்பூசிக்கும் அந்த 75 சென்ட்டை விதித்து, அதைப் பழைய திட்டத்துக்குள் கொண்டுவர ஒரு சட்டம் போடுங்கள். ஓராண்டு கெடு முடிந்தது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மறுபடி விண்ணப்பிக்கவும் அதே சட்டத்தில் வழி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்