செவஸ்தபோல் முதியவர்கள்

அன்புள்ள சேகர்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன், பொறுத்துக்கொள். வீட்டில் அனைவரும் நலம். பெரியவளுக்குத் திருச்சியில் வேலை கிடைத்திருக்கிறது. ராமநாதனின் நில வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டே போகிறது. மற்றவை நேரில்.

1911ஆம் ஆண்டு ரஷ்யாவில் வெளிவந்த ‘செவஸ்தபோல் பாதுகாப்பு’ என்ற மௌனப் படத்தைப் பார்த்தேன். அதைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரஷ்யாவின் முதல் கதைப் படமான ‘ஸ்தென்கா ராசின்’ 1908இல் வந்தபோது சில நிமிடங்களே ஓடியது. அதற்குக் கதை எழுதிய கொன்சாரவ், முன்னாள் கொசாக் படை அதிகாரியான ஹன்ஷோன்கவுடன் சேர்ந்து, மூன்றே ஆண்டுகளில் ஏறத்தாழ 100 நிமிடப் போர்ப் படத்தை எடுத்து முடித்துவிட்டார். 1850களில் நடந்த கிரிமியப் போரில் பிரிட்டனும் பிரான்சும் துருக்கியும் 349 நாள் முற்றுகையிட்ட அதே செவஸ்தபோல் துறைமுக நகரிலேயே, ஜார் மன்னரின் அனுமதியோடும் படைவீரர்களின் உதவியோடும் படம்பிடித்திருக்கிறார்கள்.

போர்க் காட்சிகள் என்னைப் பெரிதாகக் கவரவில்லை என்பதை மறைக்க மாட்டேன். கேமரா எட்டவே நிற்கிறது. புகைக்குள் யார் விழுகிறார், யார் எழுகிறார் என்று பிடிபடுவதில்லை. பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற நடிகர் மொசூகின் ரஷ்யத் தளபதி கர்னீலவாக வருகிறார் என்றாலும், முகபாவம் தெரியும் அளவுக்கு அவரையும் நெருங்கிக் காட்டவில்லை.

ஆனால் கடைசியில் நடிகர்கள் எவரும் இல்லை. அந்த முற்றுகையில் உண்மையாகவே போரிட்டு, அரை நூற்றாண்டுக்கு மேல் உயிரோடு இருந்த முதியவர்களைக் கேமராவின் முன் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். ரஷ்யர்களோடு நிறுத்திக்கொள்ளாமல், எதிரணியில் நின்ற பிரெஞ்சு, ஆங்கிலேய வீரர்களையும் காட்டியிருக்கிறார்கள். நடிப்பதற்கு ஒன்றும் இல்லாமல், என்ன செய்வதென்று அறியாமல் அவர்கள் நிற்பதைப் பார்த்தபோது, அதுவரை ஓடிய பீரங்கிகளையும் கொடிகளையும் மறந்துபோனேன்.

போர்ப் படம் என்றாலே அரசாங்கத்தின் முரசு என்று நீ இப்போதும் சொல்வாய். லிவாதியா அரண்மனையில் ஜார் மன்னர் இரண்டாம் நிக்கலாஸ் முன்னிலையில்தான் இது முதலில் திரையிடப்பட்டது. பிரான்ஸ் 1890களிலேயும், பிரிட்டன் 1907 உடன்பாட்டுக்குப் பிறகும் ரஷ்யாவின் நட்பு நாடுகளாகிவிட்டதால், பழைய எதிரிகளைக் காட்டுவதில் அரசியல் சங்கடமும் இருந்திருக்காது. மறு ஆண்டே நெப்போலியனின் தோல்வியைச் சொல்லும் ‘1812’ படத்தை, பிரெஞ்சு நிறுவனமான பாத்தேயும் ஹன்ஷோன்கவும் கூட்டாகத் தயாரித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்! இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், அந்த முதியவர்களின் முகங்களை எந்த அரசாங்கமும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. தோற்ற போரைப் பெருமையாக்க எடுத்த படத்தில், அந்தப் போரின் விலை என்ன என்பதை அவர்கள் மட்டுமே சொல்கிறார்கள்.

நீ மறுப்பாய் என்று தெரியும்; பார்த்துவிட்டு மறு. பொங்கலுக்கு வரும்போது உன் பட்டியலில் உள்ள படத்தையும் எடுத்து வா. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
கண்ணன்