மத்தளத்தோடு கிட்டார் சேர்ந்தால் என்ன?

ஆசிரியருக்கு வணக்கம்.

கிட்டாரைச் சேர்த்தால் கூத்து கெட்டுப்போகும் என்று பெரியவர்கள் சிலர் திரும்பத் திரும்பச் சொல்வதைக் கேட்டு மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன். போன வைகாசியில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் ஒரு கோயிலில், கூத்து தொடங்குமுன் நாலைந்து பொடியன்மார் வடமோடிக் கூத்துப் பாட்டான தரு ஒன்றைக் கிட்டாரோடு பாடினார்கள். பாட்டு முடியுமுன்னமே கோயில்காரர்கள் மைக்கை நிறுத்திவிட்டார்கள். மத்தளம் அடித்தவன் கூத்துப் பழக்கும் ஒரு அண்ணாவியாரின் பேரன், தாளம் ஓர் இடத்திலும் பிசகவில்லை.

தி போக்ஸ் என்ற இசைக்குழுவைப் பற்றி நம்மவர்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1982 இல் லண்டன் கிங்ஸ் குரொஸ் பகுதியில் தொடங்கிய குழு அது. பாடகர் ஷேன் மெக்கோவன் அயர்லாந்திலிருந்து போன பெற்றோரின் பிள்ளை. சின்ன வயதில் டிப்பரரியில் தாய்வழிச் சொந்தங்களோடு இருந்து பழைய பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர், பிறகு லண்டனில் பங்க் என்ற வேகமான, முரட்டு ரொக் இசையில் விழுந்தவர். இரண்டையும் அவர் விடவில்லை. பான்ஜோ, அக்கோடியன், தகர விசில் என்று பாட்டன் காலத்து வாத்தியங்களை எடுத்து பங்க் வேகத்தில் வாசித்தார்கள். ஸ்பைடர் ஸ்டேசி என்பவர் பியர் தட்டால் தன் தலையிலேயே அடித்துத் தாளம் போடுவார்! குழுவில் பலர் ஆங்கிலேயர் என்பதையும் சொல்ல வேண்டும்.

பிரித்தானியாவில் இருந்த ஐரிஷ்காரர்களுக்கு அது லேசான காலமும் இல்லை. இங்கே நாம் 1979 முதல் அனுபவிக்கும் பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கிறதே, அதே பெயரில் பிரித்தானியாவில் 1974 இலேயே ஒன்று வந்துவிட்டது, பர்மிங்ஹாம் குண்டுவெடிப்புக்குப் பிறகு. அந்தக் குண்டுவெடிப்புக்காகச் செய்யாத குற்றத்துக்குச் சிறையில் கிடந்த ஆறு ஐரிஷ்காரருக்காக இந்தக் குழு பாடியது, அந்தப் பாட்டை 1988 இல் ஒலிபரப்பக் கூடாது என்று தடுத்தார்கள். ஆறு பேரும் 1991 இல் விடுதலையானார்கள். பழைய இசை வடிவத்தில் இன்றைய வேதனையைப் பாட முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அவர்களையும் மரபிசைக்காரர்கள் திட்டத்தான் செய்தார்கள், ஐரிஷ் இசையை நாசமாக்குகிறார்கள் என்று. ஆனால் 1962 முதல் நாட்டுப்பாடல் பாடிவந்த தி டப்ளினர்ஸ் குழுவின் பெரியவர்கள் அப்படி ஒதுங்கி நிற்கவில்லை. 1987 இல் இந்த இளைஞர்களோடு சேர்ந்து ஒரு பழைய பாட்டைப் பாடினார்கள், அயர்லாந்தில் அது முதலிடத்துக்கும் பிரித்தானியாவில் எட்டாம் இடத்துக்கும் போனது. அப்புறம் வந்த ஃபிளாகிங் மோலி, டிராப்கிக் மர்பீஸ் போன்ற அமெரிக்கக் குழுக்களெல்லாம் போக்ஸ் போட்ட பாதையில் நடந்தவைதான்.

நம் மட்டக்களப்பில் கலப்பு புதிதா? போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் வயலின் ஒலித்த ஊர் இது. விடிய விடிய ஆடிய கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தபோதும் எதிர்ப்பு இருந்தது, இன்று அதைப் பல்கலைக்கழகத்திலேயே படிக்கிறார்கள்.

கோயில் நிர்வாகத்தினரிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. கூத்தாடும் களரியில் கூத்து தொடங்குமுன் அரை மணி நேரம் இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அண்ணாவியார்மார் முன்வரிசையில் இருந்து கேட்கட்டும், தாளம் பிழைத்தால் அந்த இடத்திலேயே திருத்தட்டும், விருப்பமிருந்தால் சல்லரித் தாளத்தை எடுத்துக்கொண்டு தாங்களும் ஏறட்டும். கோயிலில் சரிவராது என்றால் நகரத்தில் காந்திப் பூங்கா இருக்கிறது, மாதத்தில் ஒரு மாலை அங்கே ஒழுங்கு செய்யலாம்.

இப்படிக்கு,
கூத்து ரசிகன் ஒருவன்,
களுவாஞ்சிகுடி