சங்கத்தோட ஆண்டறிக்கை - செயலாளர் வாசிச்சது

எல்லாருக்கும் வணக்கம். வழக்கமா வரவு செலவுலதான் ஆரம்பிப்போம், இந்த தடவை அது கடைசியில, ஏன்னா இந்த வருஷம் சங்கம் பார்த்த வேலையில முக்காவாசி ஒண்ணே ஒண்ணுதான், ரத்தம் சரியா உறையாத நம்ம பசங்களுக்கு ஊசி தேதி தப்பாம பார்த்துக்கறது.

புதுசா சேர்ந்தவங்களுக்காக சொல்றேன். ஃபேக்டர்ங்கறது ரத்தம் உறைய வேண்டிய புரதம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். ஹீமோஃபிலியான்னா ஃபேக்டர் 8, 9 குறையறது, அது ஓரளவு எல்லாருக்கும் தெரியும். நம்ம பசங்களுக்கு குறையறது 13, 10, 7 மாதிரி அபூர்வமானது. 13 குறைபாடு சுமார் 20 லட்சம் பேர்ல ஒருத்தருக்குத்தான், ஆனா அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் பழுதான ஜீன் வந்தாத்தான் வரும்ங்கறதால மாமன் பொண்ணு, அக்கா பொண்ணு கட்டற குடும்பங்கள்ல இதுக்கு வாய்ப்பு கூடுதல். தொப்புள் கொடி விழுந்த இடத்துல ரத்தம் நிக்காம கசியறதுதான் நிறைய பேருக்கு முதல் அறிகுறி. இதுல கொடுமை, ரத்தம் உறையற நேரத்த பார்க்கற பிடி, ஏபிடிடி ரெண்டு டெஸ்ட்டுமே நார்மல்னு வந்துடும். ரத்தம் உறையும், உறைஞ்சது தாங்காது, சிமெண்ட் வைக்காம அடுக்கின செங்கல் மாதிரி. ஃபேக்டர் 13 அளவு பாருங்கன்னு நாமளே கேட்டாத்தான் உண்டு.

13 குறைபாடு இருக்கறவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தருக்கு மூளைக்குள்ள ரத்தக்கசிவு வருது, ஒரு தடவை வந்துட்டா தடுப்பு மருந்து இல்லாம மறுபடி வர்ற ஆபத்து ரொம்ப ஜாஸ்தி. ஒரே ஆறுதல், இந்த ஃபேக்டர் உடம்புல பாதியா குறையவே ஒன்பது பத்து நாளுக்கு மேல ஆகுது, அதனால நாலு வாரத்துக்கு ஒருக்க கான்சன்ட்ரேட்டோ (ஃபேக்டர மட்டும் பிரிச்சு செறிவாக்கின மருந்து), அது கிடைக்கலன்னா கிரையோவோ (தானம் குடுத்த ரத்தத்தோட பிளாஸ்மாலேர்ந்து எடுக்கறது) ஏத்தினா போதும். 10-ம் 7-ம் அப்படி இல்ல, சீக்கிரமே குறைஞ்சிடும், ஒவ்வொரு வாரமும் போடணும், அந்த வீட்டு அம்மாக்கள் பாடு பெரும்பாடு.

பிரச்சனை ஊசி ஆரம்பிச்ச மூணாவது நாலாவது மாசத்துல வருது. பையன் நல்லா ஓடி ஆடறான், பரீட்சை இருக்கு, ஊர்ல திருவிழா, அடுத்த மாசம் போட்டுக்கலாமே சார்னு ஃபோன்ல சொல்றாங்க. அவன் ஓடி ஆடறதே அந்த ஊசியாலதான்மா! இதுக்காகவே வாட்ஸ்அப்ல ஞாபகப்படுத்தற வேலைய மூணு அம்மாக்கள் எடுத்துக்கிட்டாங்க, திட்டு வாங்கினாலும் விடறதில்ல. மழை மாசத்துல சென்னையில வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் இருக்கறவங்க தண்ணி ஏறறதுக்கு முன்னாடியே டாக்டர கேட்டு சில நாள் முன்கூட்டி போட்டுக்கிட்டாங்க, இனிமே வருஷா வருஷம் அப்படியே செய்யலாம்னு கமிட்டி முடிவு.

அவசர அட்டை எல்லாருக்கும் குடுத்தாச்சு. தலையில அடிபட்டாலோ, காரணமில்லாம வாந்தி, தலைவலி, தூங்கி வழியறது, ஃபிட்ஸ்னு இருந்தாலோ முதல்ல ஃபேக்டர், அப்புறம்தான் ஸ்கேன், அட்டையில பெரிய எழுத்துல அதான் இருக்கு, ஆனாலும் ஒரு கேஷுவாலிட்டியில ஸ்கேன் முடியட்டும்னு உக்கார வச்சுட்டாங்க. சண்டை போடுங்க, தப்பில்ல. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வேணாம்.

கிரையோல வைரஸ அழிக்கற பதப்படுத்தல் கிடையாது, கான்சன்ட்ரேட் கேட்டு மனு போட்டிருக்கோம், பதில் வரல, திரும்ப போடுவோம். கூடப்பொறந்த பிள்ளைங்களுக்கும் டெஸ்ட் எடுத்துடுங்க. அடுத்த குழந்தை யோசிக்கறவங்க முன்னாடியே ஜீன் டெஸ்ட் பண்ணிக்கிட்டா கர்ப்பத்துலயே பார்க்க முடியும், வேலூர் சிஎம்சில இதுக்கு வசதி இருக்கு.

கணக்கு தணிக்கை ஆயாச்சு, நகல் மேஜையில இருக்கு, பாருங்க. சந்தா பாக்கி நிறைய. பொருளாளர் பதவிக்கு இன்னும் யாரும் பேர் குடுக்கல, டீ வர்றதுக்குள்ள யாராவது கை தூக்குங்க.