6:10 என்று சொன்ன தம்பிக்கும் மற்றவர்களுக்கும்

பாம்பன் தெற்குவாடி சொந்தங்களுக்கு வணக்கம்.

போன மாதம் அப்பாவுக்குக் கடலில் வைத்துப் பக்கவாதம் அடித்தது. நேற்று அவரே டீக்கடை வரை நடந்து போய் வந்தார். ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து சொல்ல முடியாததால் இந்த மடல்.

முதல் நன்றி படகில் இருந்த தம்பிக்கு. வலையை இழுக்கும்போது அப்பாவின் வலது கை கயிற்றை விட்டுவிட்டது. என்னவென்று கேட்டால் வாய் கோணிப் பேச்சு குழறியது. கிறுகிறுப்பாக இருக்கும், கொஞ்சம் படுக்கட்டும் என்று ஒருவர் சொல்ல, நீ போனை எடுத்து மணி பார்த்தாய். 6:10. அப்புறம் எல்லோரும் கேட்டது அதைத்தான். 108-இல் கேட்டார்கள், ஆஸ்பத்திரி வாசலில் கேட்டார்கள், டாக்டர் இரண்டு தடவை கேட்டார். மூளை ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். ஆள் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து கணக்கு. பக்கத்து வீட்டுப் பெரியப்பாவுக்கு விடியற்காலை எழும்போதே கை விளங்கவில்லை. எத்தனை மணிக்கு வந்தது என்று யாருக்கும் தெரியாததால், இரவு படுத்த நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அவருக்கு ஊசி போட முடியவில்லை.

சித்தப்பா, பாதி வலை தண்ணீரில் கிடக்க, அறுத்து விட்டுவிட்டுப் படகைத் திருப்பினீர்கள். வலை என்ன விலை என்று கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும்.

கரையில் கடுங்காப்பி நீட்டிய அத்தையைத் தடுத்த 108 தங்கச்சிக்கும் நன்றி. (அத்தை, கோபம் வேண்டாம். விழுங்கும் சக்தி குறைந்திருந்தால் காப்பி நுரையீரலுக்குள் போய்விடுமாம்.) விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார், சர்க்கரை ரொம்பக் குறைந்தாலும் வாதம் மாதிரியே இருக்கும் என்றார். பாலத்தில் கடல் பார்க்க நிறுத்தியிருந்த வேன்களை ஓடி ஓடி நகரச் சொன்ன ஆட்டோக்கார அண்ணன்கள் இருவரின் பெயர் இன்னும் எனக்குத் தெரியாது.

ராமநாதபுரம் 40 கிலோமீட்டருக்கு மேல். 8:10-க்கு உள்ளே போனோம். நேராக சி.டி. ஸ்கேன். மூளையில் ரத்தம் கசிந்திருந்தால் இந்த ஊசியே எமனாகிவிடும், அதனால் அதைப் பார்க்காமல் தொட மாட்டார்கள். கசிவு இல்லை. பிரஷர் எகிறிக் கிடந்தது. 185-க்கு 110-க்குக் கீழே இறக்கிய பிறகுதான் மருந்தை எடுத்தார்கள். ஆல்டெப்ளேஸ் என்று பெயர், எடைக்குத் தகுந்த அளவு. 60 கிலோவுக்கு 54 மில்லிகிராம்: பத்தில் ஒரு பங்கை உடனே செலுத்தி, மீதியை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். இதனாலும் ரத்தக்கசிவு வரலாம் என்று மறைக்காமல் சொன்ன டாக்டரம்மாவுக்கும், அம்மா கையெழுத்துப் போடும் வரை அவர் தோளைப் பிடித்து நின்ற நர்ஸ் அக்காவுக்கும் எங்கள் கும்பிடு. மருந்து ஏறத் தொடங்கியபோது மணி 8:55.

முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சட்டைப் பொத்தான் போட இன்னும் அம்மா வேண்டும். பயிற்சிக்கு ரப்பர் பந்து கொடுத்தார்கள். அப்பா அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வலை பின்னும் ஊசியை எடுத்துக்கொண்டார். தையல் கோணல்மாணலாகத்தான் விழுகிறது.

சித்தப்பா, வலைக்கான பணத்தை இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவே கொண்டுவருகிறார். வீட்டில் இருங்கள்.

இப்படிக்கு,
அவருடைய மூத்த மகள்